பட்டாளக் குன்றில் வெள்ளம்

என் பணி நிறைவு விழாவில் இளைய பொறியாளர் ஒருவர் என்னைப் போலவே நடித்துக் காட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, காதை முன்னால் நீட்டி, "மூடணும்னு சொன்னேளே, எப்படி மூடணும்?" என்று கேட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. ஆயுசு முழுக்கச் சாலையும் பாலமும் போட்டவனிடம் இவர்கள் கண்டெடுத்தது இந்த ஒரு கேள்வியைத்தானா?

காபி குடிக்கும்போது அவரே பக்கத்தில் வந்து, "சாரே, தேஷ்யப்படல்லே, கோபிக்காதீங்க. எதையும் ஏன் ரெண்டு தடவை கேக்கறீங்க?" என்றார். நின்றுகொண்டு சொல்லக்கூடிய விஷயமில்லை அது. எழுதித் தருகிறேன் போய்யா என்றேன். சொன்ன வாக்கு, எழுதுகிறேன்.

நான் திருவனந்தபுரத்து வலியசாலையில் பிறந்தவன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், மராமத்து இலாகாவில் ஓவர்சியராகச் சேர்ந்த பிறகு இரண்டுக்கும் நடுவே இங்கிலீஷ். நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கவும் மட்டம் பார்க்கவும் கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில் காய்ந்தேன், திட்டு வாங்கினேன், கல்யாணம் செய்துகொண்டேன். மூன்றும் எல்லாருக்கும் நடப்பதுதான்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் கழித்து, விழிஞ்ஞத்துக்குத் தெற்கே கடலோரம் இருந்த ஒரு பாறைக்குன்று எங்கள் இலாகாவின் கைக்கு வந்தது. யுத்த காலத்தில் அதன் உச்சியில் ரேடார் நிலையம் இருந்தது. கடலுக்கு மேலே வரும் விமானத்தைக் கண்ணுக்குத் தெரியுமுன்னே கண்டுபிடிக்கும் யந்திரம். அப்போது அந்தப் பெயரைக்கூட யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. அதனால் கடற்கரைக்காரர்கள் தாங்களாகவே ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்: அது ஆகாசத்தைக் காது வைத்துக் கேட்கிற யந்திரம். குன்றுக்குப் பட்டாளக் குன்று என்று பெயராகிவிட்டது. யுத்தம் முடிந்ததும் யந்திரத்தைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். கான்கிரீட்டை யாரால் ஏற்றிக்கொண்டு போக முடியும்? அது அங்கேயே நின்றது.

பட்டாளம் விட்டுப் போனது கான்கிரீட்டை மட்டுமல்ல. குன்றின் அடியில் முன்பு ஒரு நல்ல தண்ணீர் ஊற்று இருந்ததாம். மேலே அஸ்திவாரத்துக்குப் பாறையை வெடி வைத்து உடைத்தபோது அந்த ஊற்று கண்ணை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு கீழே இருந்த மீன்பிடிக்காரக் குடும்பங்களின் பெண்கள், வயல் தாண்டி மேற்றெருவின் கிணற்றுக்குப் போய், அங்குள்ளவர்கள் இறைத்து முடிக்கும் வரை காத்து நின்று, குடம் சுமந்து திரும்பினார்கள். வருஷக்கணக்காக இதுதான் அவர்கள் பாடு.

எங்களுக்கு வந்த உத்தரவு சுருக்கமானது. இடிபாட்டைப் பார்வையிட்டு, உபயோகப்படுவது எது, ஆபத்தானது எது என்று தீர்மானித்து, ஆபத்தானதை மழைக்காலத்துக்கு முன் அப்புறப்படுத்த வேண்டும். பார்வையிட வந்தவர் அசிஸ்டெண்ட் இன்ஜினீயர் சங்கரலிங்கம் பிள்ளை. அவருக்கு உதவியாள் நான்.

பிள்ளைவாளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிக்காரர். நாஞ்சில் நாட்டுக் கால்வாய்க் கரைகளிலேயே தலை நரைத்தவர். திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. காக்கி அரைக்கால் சட்டை, கையில் விரிக்காத குடை, வாயில் வெற்றிலை. கோபம் வந்தால் குரல் தாழும். குரல் தாழ்ந்துவிட்டது என்றால் மேஸ்திரிமார்கள் நகர்ந்து போய்விடுவார்கள். பூட்டிக் கிடந்த எந்த அறைக்குள்ளும் அவர் அனுமதியில்லாமல் யாரும் கால் வைக்கக்கூடாது. "மூக்கு, விளக்கு, கம்பு, கால். இந்த வரிசை மாறினா உமக்கு வேலை கெடையாது வே" என்பார். முதலில் வாசலில் நின்று மோந்து பார்க்க வேண்டும். பிறகு அரிக்கேன் விளக்கைக் கயிற்றிலோ கழியிலோ கட்டி உள்ளே நீட்ட வேண்டும். சுடர் சுருங்கினால் காற்று கெட்டது என்று அர்த்தம், திரும்பிவிட வேண்டும். சுடர் நின்றால் கம்பால் தரையைத் தட்ட வேண்டும். பள்ளமோ பாம்போ இருந்தால் கம்பு சொல்லிவிடும். கால் கடைசி.

முதல் நாள் அந்த வரிசைப்படியே குன்று முழுவதும் சுற்றினோம். கோபுரம் நின்ற இடத்தில் நான்கு பெரிய கான்கிரீட் கட்டைகள். மேலே துருப்பிடித்த போல்ட்டுகள் என் மணிக்கட்டு பருமன். யந்திரத்தை வைத்திருந்த அறைக்குச் சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். உள்ளே வௌவால் நாற்றம். சுவரில் எவனோ ஒரு சிப்பாய் கரிக்கட்டியால் ஒரு பெண்ணின் முகத்தை வரைந்து, மூக்கு சரியாக வராமல் அடித்துவிட்டிருந்தான். பிள்ளைவாள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாவம், எந்த ஊர்க்காரனோ" என்றார். அந்த அறை வலுவாக இருந்தது, வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

மிச்சமிருந்தது குன்றின் நிலப்பக்கச் சரிவில் பாதி பூமிக்குள் இருந்த ஒரு அறை. நான் கடல் பக்கம் கட்டைகளை அளந்துகொண்டிருந்தேன். பிள்ளைவாள் மட்டும் அந்த அறைப் பக்கம் போனார். அங்கே பிலோமினா நின்றிருந்தாள். மீன் விற்கிறவள், நல்ல உயரம், பேசினால் குன்றின் இரண்டு பக்கமும் கேட்கும். ஆனால் அன்றைக்குக் காற்று என் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வீசியது. அவள் என்ன சொன்னாள், அவர் என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை.

திரும்பும்போது ஜீப்பில் அவர் முகம் இறுகியிருந்தது.

"அந்தக் கீழ் அறையிலே வெள்ளம் வே" என்றார்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "நெஜமாவா சார்? வெள்ளமா?"

"நெறைய வெள்ளமாம். அந்தப் பொம்பள சொல்லுதா. நானும் எட்டிப் பாத்தேன், கருப்பா மின்னுது. விட்டு வைக்கக்கூடாது, மழைக்கு முன்னாடி மூடிரணும்."

"கட்டாயம் மூடணும் சார். திறந்து கிடந்தா கெட்டுப் போயிடும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நல்லா மூடணும்" என்றார்.

"நல்லா மூடிடலாம் சார்" என்றேன்.

இரண்டு பேரும் ஒரே மனதாக, ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வந்தோம். வீட்டுக்குப் போனதும் என் மனைவி விசாலத்திடம் சொன்னேன். "அந்தக் கடற்கரைப் பொம்மனாட்டிகளுக்கு விடிவு காலம் வந்தாச்சு. குன்றுமேலேயே வெள்ளம் இருக்கு." அவள், "நீங்க முதல்லே இந்த வெள்ளத்தைக் குடியுங்கோ" என்று சொம்பை நீட்டினாள். எங்கள் தெருவில் அப்படித்தான் பேச்சு. குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் வெள்ளம். நான் அன்றைக்கே உட்கார்ந்து, அந்த அறையைத் தொட்டியாக்கி எந்த அளவில் மூடி போடலாம், கைப்பிடி எங்கே வைக்கலாம் என்று படம் போட்டேன்.

சில நாள் கழித்து மேஸ்திரியைப் பார்க்கக் குன்றுக்குப் போனேன். அடிவாரத்திலேயே மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன, அத்தனையிலும் கருங்கல் ஜல்லி. மேலே ஏறினால், கீழ் அறையின் வாசலில் பிலோமினா இடுப்பில் வெறும் குடத்தோடு கையை விரித்து நின்றுகொண்டிருந்தாள். பின்னால் இன்னும் பல பெண்கள். என்னைக் கண்டதுதான் தாமதம், "வந்நோ ஓவர்சியரு! ஞான் பறஞ்ஞது வெள்ளம் உண்டுன்னு. நீங்க கல்லு கொண்டு மூடுதீங்க. நீங்க மனுஷனாணோ?" என்று பிடித்துக்கொண்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேஸ்திரியிடம் கேட்டால், "ஏமான் உத்தரவு. அறை நிறைய ஜல்லி போட்டு மூடணும்" என்றான். நல்லவேளையாகப் பிள்ளைவாளின் ஜீப் அப்போது கீழே வந்து நின்றது. குடையை ஊன்றிக்கொண்டு ஏறி வந்தார்.

"சார், மூடி போடறதா அல்லவா பேச்சு?"

"மூடியா? எதுக்கு வே மூடி? வெள்ளம் பூந்த எடம். எஞ்சின் அறையா இருந்திருக்கு. ஒரு புள்ள விழுந்தா யார் பதில் சொல்லுதது?"

"வெள்ளம் புகுந்த இடம் இல்லை சார், வெள்ளம் இருக்கிற இடம்!"

"அதத்தானே நானும் சொல்லுதேன்!"

அந்த நேரம்தான் எனக்கு உறைத்தது. அவர் கால்வாய்க் கரைக்காரர். வெள்ளம் என்றால் அவருக்குக் கரை உடைந்து ஊருக்குள் பாய்கிற வெள்ளம். பிலோமினாவுக்கும் எனக்கும் விசாலத்துக்கும் அது சொம்பில் இருப்பது. "சார், இங்கே தண்ணியைத்தான் வெள்ளம்னு சொல்லுவா. குடிக்கிற தண்ணி. அவ உங்ககிட்டே ஆபத்து இருக்குன்னு சொல்லலை. குடிக்கத் தண்ணி இருக்குன்னு சொல்லியிருக்கா" என்றேன்.

பிள்ளைவாள் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். "அட கஷ்டகாலமே" என்றார். பிறகு பிலோமினாவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். ஆனால் அது கோபக் குரல் இல்லை. "தாயி, கொஞ்சம் நவுரும். உள்ள போய்ப் பாப்போம்."

மூக்கு, விளக்கு, கம்பு. கால் வைக்க வேண்டியிருக்கவில்லை. கம்பு நனைந்து வந்ததும் அதன் நுனியைத் தொட்டு முகர்ந்து, என் மூக்கருகே நீட்டினார். டீசல் நெடி. மூலையில் உடைந்த பாட்டரிப் பெட்டிகள் தண்ணீருக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருந்தன. கேபிள் போட்ட வாய்க்கால் வழியாக மழை உள்ளே வந்து வருஷக்கணக்காக எண்ணெயோடும் அமிலத்தோடும் கிடந்திருக்கிறது.

"இதையா தாயி குடிக்கப் போறீய?" என்று கம்பை அவளிடம் நீட்டினார். பிலோமினா முகர்ந்து பார்த்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது. அவளும் இருட்டில் எட்டிப் பார்த்ததோடு சரி, அதற்குள் இறங்கினதில்லை. வார்த்தையைச் சரி செய்து என்ன பிரயோஜனம், தண்ணீர் விஷமாக இருக்கிறதே என்று எனக்கு அழுகையே வந்தது. வண்டிக்காரர்கள் ஜல்லியைக் கொட்ட வண்டிகளின் முளையை அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.

அப்போது பிலோமினா, யாரையும் பார்க்காமல், "பின்னே பட்டாளக்காரன்மார் எந்து குடிச்சு? மேலே லாரியிலே வெள்ளம் ஒண்ணும் வந்நில்ல. குளிச்சானுவ, குடிச்சானுவ, சோறு வெச்சானுவ" என்றாள்.

பிள்ளைவாள் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். "கேக்க வேண்டிய கேள்வி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஓய் மணி, வண்டிகளை நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் நிறுத்தி வையும். காலையிலே வரும்போது வீட்டிலேருந்து ஒரு பொட்டலம் மஞ்சத்தூள் கொண்டு வாரும்."

மஞ்சள் பொடி கேட்டதும் விசாலம் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இலாகாவிலே பருப்பு வைக்கறேளா?" என்று கேட்டுவிட்டு, டப்பாவையே கவிழ்த்துக் கொடுத்தாள்.

மறுநாள் பிள்ளைவாளும் நானும் யந்திர அறையின் கூரையில் ஏறினோம். முதல் நாள் நாங்கள் கவனிக்காத ஒன்றை அவர் காட்டினார். அந்தத் தட்டைக் கூரைக்குச் சுற்றிலும் விளிம்பு கட்டி, ஒரு பக்கமாகச் சரிவு கொடுத்திருந்தார்கள். சரிவு போய் முடிகிற மூலையில் ஒரு துளை. அதிலிருந்து சுவருக்குள்ளேயே ஒரு குழாய் இறங்கியது. பிறகு அது எங்கே போகிறது என்று தெரியவில்லை. "வேண்டாத தண்ணின்னா வெளியே பீச்சி விட்டிருப்பான். சுவத்துக்குள்ள குழாய் வெச்சிருக்கான்னா இந்தத் தண்ணி அவனுக்கு வேணும்" என்றார். துளையில் மஞ்சளைக் கரைத்து ஊற்ற வேண்டும், மஞ்சள் எங்கே வெளிவருகிறது என்று பார்க்க வேண்டும். கீழ் அறையிலோ சரிவிலோ வந்தால் கதை முடிந்தது. எங்கேயும் வராவிட்டால் உள்ளே எங்கோ நிற்கிறது என்று அர்த்தம்.

ஊற்றுவதற்குத் தண்ணீர் வேண்டுமே! குன்றின்மேல் ஏது? மேஸ்திரி, கீழே கடல் இருக்கிறதே, ஆள் வைத்து ஏற்றலாம் என்றான். பிள்ளைவாள் குடையால் தரையைத் தட்டினார். "உப்புத் தண்ணியை உள்ள விட்டா, இருக்கிற நல்ல தண்ணியும் நாசம்."

பெண்கள் அப்போதுதான் மேற்றெருவிலிருந்து குடங்களோடு திரும்பி, வேடிக்கை பார்க்க ஏறி வந்திருந்தார்கள். ஒரு குடம் தண்ணீர் என்றால் அவர்களுக்குக் காலையெல்லாம் நடந்த நடை. கேட்க எனக்கு வாய் வரவில்லை, பிள்ளைவாளுக்கும் வரவில்லை. பிலோமினாதான் முதலில் ஏணியடிக்கு வந்து தன் குடத்தைத் தூக்கிக் கொடுத்தாள். "இந்நா. கெடச்சா கெடச்சு. இல்லேங்கி இன்னு சோறு இல்ல, அவ்வளவுதான்." அவளைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள்.

முதல் குடத்தில் மஞ்சளைக் கரைத்து ஊற்றினோம். நான் சரிவெல்லாம் ஓடினேன். புதர், பாறை வெடிப்பு, வாய்க்கால், கீழ் அறை, ஒன்று விடாமல் பார்த்தேன். எங்கும் மஞ்சள் இல்லை. கீழ் அறையின் தண்ணீர் கருப்பாகவே கிடந்தது. "அப்போ அது வேற, இது வேற" என்றார் பிள்ளைவாள். அவர் குரலில் முதல் தடவையாக ஒரு துள்ளல் இருந்தது.

அதற்கப்புறம் கடப்பாரையைக் கேட்டார். அதன் கூர்முனையைப் பாறையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தார். "ஊத்துங்க" என்றார். மேஸ்திரி கூரைமேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். அவர் ஒரு இடத்தில் கேட்டார், நகர்ந்து இன்னொரு இடத்தில் கேட்டார். கோபுரக் கட்டைகளுக்கு நடுவே மணல் மூடி, கள்ளி மண்டிக் கிடந்த இடத்தில் அவர் நின்றவர் நகரவில்லை. எனக்குக் கையைக் காட்டினார். நான் குனிந்து காதை வைத்தேன். இரும்பு சில்லென்று இருந்தது. ரொம்பக் கீழே, சொட்டு விழுகிற சத்தம். அடுக்களையில் அண்டாவில் தண்ணீர் சொட்டினால் எப்படிக் கேட்குமோ அப்படி.

"பிலோமினா, வா, கேளு!" என்று கத்திவிட்டேன். அவள் மண்டியிட்டுக் காதை வைத்தாள். கேட்டுக்கொண்டே சிலுவை போட்டுக்கொண்டாள்.

கள்ளியை வெட்டி, மணலை வாரினோம். அடியில் இரும்பு வளையம் பதித்த ஒரு கான்கிரீட் பலகை. அதைப் புரட்டியதும் எல்லாரும் எட்டிப் பார்க்க ஓடினார்கள். பிள்ளைவாள் குடையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். அவசரம் அவருக்கும்தான், ஆனால் வரிசை மாறக்கூடாது. மோந்து பார்த்தார், பழைய மழை வாசனை. காற்று போக நேரம் விட்டார். பிறகு விளக்கை இறக்கினார். சுடர் அசையாமல் நின்றது. அதன் கீழே இன்னொரு சுடர் தெரிந்தது, தண்ணீரில். பாறையைக் குடைந்து, சாந்து பூசி, ஒரு வீட்டின் கூடம் அளவுக்குத் தொட்டி கட்டியிருந்தார்கள். பட்டாளம் போன பிறகும் ஒவ்வொரு மழையும் அதில் வந்து சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. எடுக்கத்தான் ஆள் இல்லை.

வாளி மேலே வந்தது. தண்ணீர் தெளிவு, ஓரத்தில் மட்டும் லேசாக மஞ்சள் ஓடியது. பிள்ளைவாள் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, கையில் அள்ளி, நாக்கில் வைத்து, துப்பி, மறுபடி அள்ளி, இந்தத் தடவை விழுங்கினார். "நல்ல தண்ணி" என்றார். பரிசோதனைச்சாலைக்கு ஒரு புட்டி போகட்டும், அதுவரை காய்ச்சிக் குடியுங்கள் என்றும் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள். பிலோமினா தன் காலிக் குடத்தை நிரப்பி, என் தலையில் பாதியைக் கவிழ்த்தாள். முன்தினம் திட்டியதற்கு அதுதான் சமாதானம் என்று நினைக்கிறேன்.

சாயந்தரம் வண்டிகள் திரும்பி வந்தன. பிள்ளைவாள் என்னைக் கூப்பிட்டு, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "சரி, ரெண்டையும் மூடிருவோம்" என்றார்.

நான் நேராக நின்று, "எப்படி மூடறது சார்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "கீழே உள்ளதுக்கு ஜல்லி போட்டு மூடும். மேல உள்ளதுக்கு மூடி போட்டு மூடும். இனிமே என்கிட்ட எதையும் ரெண்டு தடவை கேளும் வே. நானும் கேக்கேன்." அன்றிலிருந்துதான் அந்தக் கேள்வி. நான் போட்டு வைத்திருந்த மூடிப் படம் அப்படியே உபயோகப்பட்டது, கைப்பிடி உள்பட. பின்னால் அதற்கு ஒரு கைப்பம்பும் வைத்தோம். பக்கத்துப் பாறைச் சரிவுகளிலிருந்தும் மழையை அதற்குத் திருப்பி விட்டோம். ஆகாசத்தைக் கேட்பதற்காகக் கட்டின அறை, மழையை வாங்கிக் கொடுக்கிற கூரையாகிவிட்டது.

மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்த வருஷம் பிள்ளைவாள் தமிழ்ப் பக்கமாகத் தெற்கே போவதென்று எழுதிக் கொடுத்தார், நான் இங்கேயே என்று எழுதிக் கொடுத்தேன். நாகர்கோவிலுக்குப் புறப்பட்ட அன்று காலை, ஜீப்பைக் கடற்கரைப் பக்கம் திருப்பச் சொன்னார். இருவரும் குன்றில் ஏறினோம். கள்ளி இருந்த இடத்தில் துவைத்த துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. பிலோமினா பம்பருகே நின்றிருந்தாள். இவர் ஊரை விட்டுப் போகிறார் என்று அவளுக்கு முந்தின நாளே நான் சொல்லி அனுப்பியிருந்தேன்.

பிள்ளைவாள் வெயிலில் ஏறி வந்து மூச்சு வாங்கினார். வாயைத் துடைத்துக்கொண்டு, பழகாத வார்த்தையை ஜாக்கிரதையாகச் சொன்னார்: "பிலோமினா, கொறச்சு வெள்ளம் தா."

அவள் ஒரு வெண்கலச் சொம்பைக் கழுவி, நிரப்பி, இரண்டு கையாலும் நீட்டினாள். அவளும் எங்கோ யாரிடமோ கேட்டு, மனப்பாடம் செய்து வைத்திருந்திருக்கிறாள்.

"இந்தாங்க சாரே, தண்ணி" என்றாள்.

அவர் சொம்பை வாங்கினார். குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, கடலைப் பார்த்துத் திரும்பி நின்று, கொஞ்ச நேரம் கழித்துத்தான் குடித்தார்.